பிரிக்பீல்ட்ஸ் முகவரி சிலாங்கூரிலும் இருப்பதாக நிரல் காட்டுவது ஏன்?

கேள்வி

வணக்கம். ஒரு முகவரியின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொண்டு அது எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்று கண்டறியும் நிரலை எழுதி வருகிறேன். கோலாலம்பூரில் உள்ள பிரிக்பீல்ட்ஸ் பகுதியின் முகவரியைக் கொடுத்தால் கோலாலம்பூர், சிலாங்கூர் என இரண்டு விடைகள் வருகின்றன. வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில் நாம் சொல்லிவிடும் 'உள்ளே' என்பதைக் கணினி எதை வைத்து முடிவு செய்கிறது?

மறுமொழி 1

முதலில் மாநில எல்லைகளைத் தரும் உங்கள் எல்லைக்கோப்பைப் பாருங்கள். கணினிக்கு மாநிலம் என்பது புள்ளிகளை வரிசையாக இணைத்த மூடிய வளையம்தான். 1974 பிப்ரவரி 1-ஆம் நாள் கூட்டரசுப் பிரதேசமான (நடுவண் அரசு நேரடியாக ஆளும் பகுதியான) கோலாலம்பூரைச் சிலாங்கூர் நாற்புறமும் சூழ்ந்திருப்பதால், சிலாங்கூருக்கு வெளி வளையம் மட்டும் போதாது. கோலாலம்பூருக்கும் புத்ராஜெயாவுக்கும் இடம்விடும் உள் வளையங்களும் வேண்டும்.

புள்ளியிலிருந்து ஒரு திசையில் நேர்க்கோடு இழுத்து, அது எல்லைகளை எத்தனை முறை வெட்டுகிறது என்று எண்ணுவது பரவலான வழி. ஒற்றைப்படை என்றால் உள்ளே, இரட்டைப்படை என்றால் வெளியே. பிரிக்பீல்ட்ஸிலிருந்து புறப்படும் கோடு உள் வளையத்தை ஒரு முறையும் வெளி வளையத்தை ஒரு முறையும் வெட்டினால் கூட்டுத்தொகை இரண்டு. ஆகவே அது சிலாங்கூருக்கு வெளியே. (எல்லை நெளிந்திருந்தால் எண்ணிக்கை கூடும், இரட்டைப்படை என்பது மாறாது.) உள் வளையம் விடுபட்ட கோப்பில் ஒரே வெட்டுதான் கிடைக்கும், நிரல் தயங்காமல் 'உள்ளே' என்றுதான் சொல்லும்.

கோப்பு சரியாக இருந்தும் இதே விடை வந்தால் தேடலைச் சோதியுங்கள். போஸ்ட்ஜிஐஎஸ் போன்ற, இடத்தரவுகளைக் கையாளும் தரவுத்தளங்கள், 1984-இல் கட்மன் முன்வைத்த ஆர்-ட்ரீ என்னும் தேடல் அட்டவணை முறையை ஒட்டி, முதலில் நிலப்பரப்புகளைச் சுற்றிய செவ்வகங்களை மட்டும் ஒப்பிட்டு வடிகட்டும். சிலாங்கூரின் செவ்வகத்துக்குள் கோலாலம்பூர் முழுதும் அடங்கிவிடும் என்பதால், அந்தப் படியோடு நிறுத்தினால் விடை தவறும்.

மறுமொழி 2

ஆயத்தொலைவுகளே இல்லாமலும் இதைத் தருக்கமாக அணுகலாம் என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். ராண்டெல், சூயி, கோன் மூவரும் 1992-இல் வெளியிட்ட ஆர்சிசி என்னும் தருக்க முறையில், இரு பரப்புகளுக்கு இடையே தொடுதல், உள்ளடங்குதல் போன்ற எட்டு அடிப்படை உறவுகளே உண்டு. பிரிக்பீல்ட்ஸ் கோலாலம்பூரின் எல்லையைத் தொடாமல் அதற்குள் இருக்கிறது. கோலாலம்பூர் சிலாங்கூரை வெளிப்புறமாக மட்டுமே தொடுகிறது. இவ்விரண்டையும் சேர்த்தாலே, பிரிக்பீல்ட்ஸும் சிலாங்கூரும் ஒன்றையொன்று தொடவே முடியாது என்று கணினி முடிவு கட்டிவிடும். உங்கள் தரவைச் சரிபார்க்க இது மிக வலுவான வழி.

கேட்டவர்

நன்றி ஐயா. கோப்பில் உள் வளையம் ஒன்றுகூட இல்லை. கோலாலம்பூர்-சிலாங்கூர் எல்லையில் கூட்டரசு நெடுஞ்சாலையின் குறுக்கே நிற்கும் கோத்தா டாருல் எஹ்சான் தோரண வளைவைப் போல, எல்லைக்கோட்டின் மேலேயே விழும் புள்ளியை என்ன செய்வது?

மறுமொழி 1

போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் 'கன்டெயின்ஸ்' சார்பு அப்புள்ளியை இரண்டு பக்கமும் மறுக்கும். 'கவர்ஸ்' சார்பு இரண்டு பக்கமும் ஏற்கும். எந்தப் பக்கம் சேர்ப்பது என்ற விதியை நீங்களே எழுத வேண்டும். அதற்கு முன், எல்லைக்கோப்பு கெர்தாவ் 1948 என்னும் பழைய நில அளவை அடிப்படையில் உள்ளதா என்று பாருங்கள். அதை மாற்றாமல் ஜிபிஎஸ் புள்ளிகளோடு ஒப்பிட்டால் இடம் நூறு மீட்டருக்கும் மேல் விலகிவிடும்.