பழைய 580-ஐ முறுக்கேற்றுவதா, புதிய 3050-ஐ வாங்குவதா?

கரிசல்காட்டான்:
ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய டவர் கணினி ஒன்று என் வீட்டில் இருக்கிறது. ஆறாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம், 1080பி மானிட்டர். மகன் விளையாட கிராஃபிக்ஸ் கார்டு கேட்கிறான். எனக்கும் கொஞ்சம் வீடியோ எடிட்டிங் வேலை உண்டு. கையில் 18,000 ரூபாய். சென்னை ரிச்சி தெருவில் பழைய ஆர்எக்ஸ் 580 (8 ஜிபி) கார்டை எட்டாயிரத்துக்குத் தருவதாகச் சொன்னார்கள். ஓவர்கிளாக் செய்தால், அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் முறுக்கி ஓட்டினால், புதிய கார்டுகளுக்கு ஈடுகொடுக்கும் என்கிறார் கடைக்காரர். ஆர்டிஎக்ஸ் 3050 (6 ஜிபி) புதிதாக எடுத்தால் பணம் முழுவதும் அதற்கே போய்விடும். என்ன செய்யலாம்?

சிலிக்கான் சித்தர்:
580-ஐ எடுங்கள். 2017-இல் வந்ததென்று முகம் சுளிப்பவர்கள் எண்களைப் பார்ப்பதில்லை. அதன் நினைவகப் பாதை 256 பிட், நொடிக்கு 256 ஜிபி கடத்தும். நீங்கள் சொல்லும் 3050-க்கு 96 பிட், 168 ஜிபிதான். என்னுடைய கார்டை 1340 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1430-க்கு ஏற்றி ஓட்டுகிறேன். விளையாட்டில் நொடிக்கு 58 ஃபிரேம் (படச்சட்டம்) வந்த இடத்தில் 62 வருகிறது. மிச்சப் பணத்தில் மகனுக்கு ஓர் எஸ்எஸ்டி வாங்கிக்கொடுங்கள்.

மின்கணக்குப் பிள்ளை:
சித்தரே, அந்த நான்கு ஃபிரேமுக்கு எத்தனை வாட் கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். 580 முறுக்காமலேயே 185 வாட் கேட்கும் கார்டு. மின்னழுத்தத்தைக் கூட்டினால் மின்செலவு அதன் இருமடியில் ஏறும். வேகமோ எறும்பாக ஊரும்.

கரிசல்காட்டான், முதலில் பெட்டியைத் திறந்து எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) மேல் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். இத்தகைய அலுவலக டவர்களில் 240, 290 வாட்தான் சாதாரணம். 580-க்கு வேண்டிய 8 முனை கேபிள் அதில் இருக்காது. 3050 6 ஜிபி 70 வாட் கார்டு. கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டே 75 வாட் தரும் என்பதால், தனி கேபிள் கேட்காத மாடலாகப் பார்த்து வாங்கிச் செருகினால் வேலை முடிந்தது.

சிலிக்கான் சித்தர்:
நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ் மூவாயிரம் ரூபாய். கூட்டினாலும் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டாது. வந்தவரைப் பயமுறுத்தியே அனுப்புவீர்களா?

மின்கணக்குப் பிள்ளை:
பயமுறுத்தவில்லை ஐயா. பல அலுவலக டவர்களில் மதர்போர்டு இணைப்பு வழக்கமான 24 முனையே இல்லை. அதற்கொரு அடாப்டர் தேட வேண்டும். எஸ்எம்பிஎஸ் மாற்றச் சோம்பல்பட்டால் கடைக்காரர், ஹார்டுடிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா இணைப்பிலிருந்து 8 முனைக்கு மாற்றும் கேபிளைச் சிரித்துக்கொண்டே கொடுப்பார். சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட். 8 முனை 150 வாட் வரை இழுக்கும். பிளாஸ்டிக் உருகும் வாசனையை ஒருமுறை முகர்ந்தவன் சொல்கிறேன்.

ஃபர்மார்க் பாட்டி:
இருவரும் சண்டையை நிறுத்துங்கள். 580 வாங்குவதென்றால் கடையிலேயே ஜிபியு-இசட் என்ற மென்பொருளைப் போட்டு ஷேடர் (சிப்பிலுள்ள கணக்கிடும் அலகு) எண்ணிக்கையைப் பாருங்கள். 2304 இருக்க வேண்டும். 2048 என்று காட்டினால் பெயர்தான் 580, உள்ளே இருப்பது 570-இன் சரக்கு. கிராஃபிக்ஸ் கார்டுகளைக் கொண்டு எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டுவது 2022 செப்டம்பரில் நின்றதும் இராப்பகலாக உழைத்த கார்டுகள் சந்தைக்கு வந்துவிட்டன. சிலவற்றில் கார்டை இயக்கும் உள் மென்பொருளான பயாஸையும் மாற்றியிருப்பார்கள்.

சித்தர் தம்பி, நீங்கள் நினைவக வேகத்தையும் ஏற்றியிருப்பீர்கள்தானே? 580-இல் இருக்கும் ஜிடிடிஆர்5 வகை நினைவகத்தில் பிழை கண்டறியும் ஏற்பாடு உண்டு. எல்லை தாண்டினால் உடனே திரையில் புள்ளிகள் தெறிக்காது. தகவலைத் திரும்பத் திரும்ப அனுப்பிச் சமாளிக்கும். மெகாஹெர்ட்ஸ் கூடும், ஃபிரேம் குறையும். ஒவ்வொரு படியிலும் அளந்தீர்களா?

சிலிக்கான் சித்தர்:
நினைவகத்தை 2150 மெகாஹெர்ட்ஸ் வரை ஏற்றி அளந்தேன் பாட்டி. 2200-இல் ஒரு ஃபிரேம் குறைந்ததால் இறங்கிவிட்டேன். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: மே மாதம் மதியத்தில் என் கார்டு 84 டிகிரி தொட்டது. அப்போது சிப்பின் மின்னழுத்தத்தை 1150 மில்லிவோல்ட்டிலிருந்து 1060-க்கு இறக்கித்தான் ஓட்டினேன். வேகம் அப்படியே இருந்தது, விசிறிச் சத்தம் பாதியானது. ஆனால் 3050-இல் 70 வாட் பூட்டைப் போட்டுவிட்டார்கள். முறுக்க அதில் என்ன இருக்கிறது?

ஃபர்மார்க் பாட்டி:
இருக்கிறது. கார்டை முறுக்க உதவும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் மின்னழுத்த வளைவைத் (எந்த வேகத்துக்கு எத்தனை வோல்ட் என்ற கோட்டை) தாழ்த்தினால் அதே 70 வாட்டுக்குள் வேகம் கூடும். நினைவகத்துக்கு +500 மெகாஹெர்ட்ஸ் கொடுங்கள். 168 ஜிபி 180 ஆகும். 96 பிட் கார்டில் அந்தப் பன்னிரண்டும் தெரியும். தவிர, இவருக்கு எடிட்டிங் வேலை இருக்கிறது. 3050-இல் உள்ள என்விடியாவின் வீடியோ என்கோடர் (வீடியோவைச் சுருக்கிப் பதியும் பகுதி) 580-இல் இருப்பதைவிடத் தெளிவான படம் தரும். 580-க்கு அதன் தயாரிப்பாளரான ஏஎம்டி டிரைவர் வெளியிடுவதும் 2023 இறுதியிலிருந்து அருகிவிட்டது.

கரிசல்காட்டான்:
பெட்டியைத் திறந்துவிட்டேன். எஸ்எம்பிஎஸ் 240 வாட். 6 முனை கேபிள்கூட இல்லை. மதர்போர்டுக்குப் போவது ஒரே ஒரு 8 முனை. 3050-தான். எஸ்எஸ்டி அடுத்த மாதச் சம்பளத்தில்.

சிலிக்கான் சித்தர்:
சரி, வாங்குங்கள். +500 வைத்து அரை மணி நேரம் ஓட்டிவிட்டு முன்னும் பின்னும் வந்த ஃபிரேம்களை இங்கே எழுதுங்கள். பாட்டியின் பன்னிரண்டு ஜிபியை நானும் பார்க்கிறேன்.