கடலில் விழுந்த போன்: அரிசியில் வைத்தும் உயிர் வரவில்லை, உள்ளே இருப்பதை மீட்க முடியுமா?

கேள்வி

வணக்கம். அப்பாவின் முதல் வருடத் திதிக்காகச் சனிக்கிழமை ராமேஸ்வரம் போயிருந்தோம். அக்னி தீர்த்தத்தில் அம்மாவைக் கைபிடித்து இறக்கும்போது சட்டைப் பையில் இருந்த போன் கடலில் விழுந்துவிட்டது. ஆழமில்லை, ஒரு நிமிடத்துக்குள் எடுத்துவிட்டேன். அப்போது திரை எரிந்துகொண்டுதான் இருந்தது. அணைத்து, துடைத்து வைத்தேன். இரவு ஊர் திரும்பியதும் அரிசி டப்பாவில் புதைத்தேன். இன்று திங்கள் காலை எடுத்து சார்ஜ் போட்டேன். ஒருமுறை அதிர்ந்தது, அவ்வளவுதான். திரை கறுப்பாகவே இருக்கிறது. சார்ஜர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் சூடாகிறது.

நான்கு வருடப் பழைய ஆண்ட்ராய்டு போன், நீர்காப்பு கிடையாது. போனைப் பற்றிக் கவலையில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரத்தில் அவர் பேசியதைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். வேறு எங்கும் பிரதி இல்லை. இன்னும் இரண்டு நாள் அரிசியில் வைக்கலாமா?

பதில் 1 (மதுரை, போர்டு சர்வீஸ்)

தம்பி, முதலில் சார்ஜரைக் கழற்றுங்கள். இனி பவர் பட்டனைத் தொடவே தொடாதீர்கள். சூடாகிறது என்றால் உள்ளே எங்கோ ஷார்ட். பின்பக்க மூடி லேசாக உப்பியிருந்தால் பேட்டரி வீங்குகிறது என்று அர்த்தம். அழுத்தாமல், மெத்தை துணி பக்கம் வைக்காமல் தனியாக வையுங்கள்.

அரிசி வேண்டாம். மூடிய போனுக்குள் இருக்கும் ஈரத்தை அது உறிஞ்சி எடுக்காது, தூசியும் குருணையும் சார்ஜிங் துளைக்குள் போய் அடைக்கும். அரிசியில் வைக்காதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது.

உங்கள் விஷயத்தில் ஈரம் பாதிப் பிரச்சினைதான். விழுந்தது கடல் நீர். தண்ணீர் காய்ந்தாலும் உப்பு உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டிலேயே தங்கிவிடும். நம் கடலோரக் காற்றில் இருக்கும் ஈரத்தை அது மறுபடி இழுக்கும். போனை அணைத்திருந்தாலும் பேட்டரி இணைந்திருக்கும் வரை சில பாதைகளில் மின்சாரம் இருக்கும். ஈர உப்பும் மின்சாரமும் சேர்ந்தால் செம்பு கரைந்து பச்சையாகக் களிம்பு ஏறும். பித்தளைச் செம்பில் பார்த்திருப்பீர்களே, அதேதான், ஆனால் மணிக்கணக்கில் நடந்துவிடும். அதனால் காய வைப்பதில் பயனில்லை, கழுவ வேண்டும். இன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள்.

பதில் 2

எங்கள் வீட்டில் ஒருமுறை ஹேர் டிரையர் காட்டிச் சரிசெய்தோம். அதையும் முயன்று பாருங்களேன்?

பதில் 1

வேண்டாம் அம்மா. அந்தக் காற்று ஓரத்தில் இருக்கும் நீரை உள்ளே தள்ளும், சூட்டில் ஒட்டுப்பசை இளகும், பேட்டரிக்கும் கெடுதல். குழாய்த் தண்ணீர் சில துளி பட்டிருந்தால் தானாகவே பிழைத்திருக்கும். கடல் நீருக்கு அது சரிவராது.

பதில் 3

சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டீர்களா? சிம்மைத் துடைத்து வேறு போனில் போடுங்கள், வங்கி ஓடிபியாவது வரும். கார்டில் பதிவாகியிருந்தால் கவலையே இல்லை. அப்புறம், கணினியில் உங்கள் கூகுள் கணக்கைத் திறந்து பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

பார்த்தேன். படங்கள் பாதி இருக்கின்றன, ஒலிப்பதிவுகள் இல்லை. கார்டு போடவில்லை. பக்கத்துக் கடையில் டிஸ்ப்ளே போய்விட்டது, மாற்றலாம் என்கிறார்கள். இன்னொருவர் மெமரி சிப்பைக் கழற்றிப் படித்துவிடலாம் என்கிறார்.

பதில் 1

இரண்டுக்கும் சம்மதிக்காதீர்கள். உங்கள் போன் போன்ற இன்றைய ஆண்ட்ராய்டு போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் பூட்டி (என்கிரிப்ஷன்) எழுதப்பட்டிருக்கும். அந்தப் பூட்டின் சாவி அதே போர்டின் பிராசஸரோடு பிணைந்தது. சிப்பைத் தனியாகக் கழற்றினால் கிடைப்பது வெறும் குப்பை. அதே போர்டு ஒரு தடவையாவது உயிர் பெற்று, நீங்கள் உங்கள் பின் எண்ணை அழுத்த வேண்டும். வேறு வழி இல்லை.

கடையில் இப்படிக் கேளுங்கள்: "பேட்டரி கனெக்டரை முதலில் எடுப்பீர்களா? சிப்களை மூடியிருக்கும் உலோக ஷீல்டைத் தூக்கி அடியிலும் கழுவுவீர்களா? ஒலி அதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டி இருக்கிறதா?" 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில்தான் கழுவ வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் தண்ணீர் கலந்திருக்கும். டேட்டா மட்டும் போதும், ரீசெட் செய்யக் கூடாது என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். சாதாரண மொபைல் கடை வேண்டாம், போர்டு வேலை தெரிந்தவரிடம் போங்கள்.

கேள்வி கேட்டவர் (வெள்ளிக்கிழமை)

திருச்சியில் ஒருவரிடம் கொடுத்தேன். திறந்ததும் எனக்கே காட்டினார்: சார்ஜிங் போர்டு முழுக்கப் பச்சை, டிஸ்ப்ளே கனெக்டரின் பின்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இரண்டு முறை கழுவி, ஷார்ட்டான கெப்பாசிட்டர் ஒன்றை எடுத்துவிட்டு, சார்ஜிங் போர்டையும் பேட்டரியையும் மாற்றினார். டிஸ்ப்ளே கெடவே இல்லை. நேற்று மாலை திரை எரிந்தது. பின் எண்ணைப் போடும்போது கை நடுங்கியது.

பதினொரு பதிவுகள், எல்லாம் இருக்கின்றன. அங்கேயே உட்கார்ந்து பென்டிரைவில் ஏற்றினேன். ஒன்றில் அப்பா, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்கிறார். வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

பதில் 1

ரொம்ப சந்தோஷம் தம்பி. பென்டிரைவ் மட்டும் போதாது, இன்றிரவே கூகுள் டிரைவிலும் தங்கை தம்பி போனிலும் ஒரு பிரதி போடுங்கள். அந்த போனைத் தினசரி உபயோகத்துக்கு வைக்காதீர்கள், உப்பு கொஞ்சமாவது எங்காவது ஒளிந்திருக்கும்.