மறுமொழி: இலையடியில் நீர் நிற்கும் குழிவுக்குப் ‘பிளா’

அன்புள்ள குழுவினருக்கு,

புரோமிலியட் (அன்னாசிக் குடும்பச் செடிகள்) வளர்ப்புக் கைநூலுக்கான சொற்பட்டியலில், இலையடியில் நீர் நிற்கும் குழிவைக் குறிக்கும் ‘டாங்க்’ (tank) என்பதற்கு நேரே இன்னமும் கேள்விக்குறிதான் நிற்கிறது. கோயம்புத்தூர் அம்மா எழுதியது:

> ‘இலைத்தொட்டி’ என்றே வைத்துக்கொள்வோம். எவருக்கும் விளங்கும்.

திருகோணமலை அண்ணா ‘நீர்க்கிண்ணம்’ என்கிறார். விளங்கும் சொற்கள்தாம் இரண்டும். ஆனால் செடியில் இருப்பதை இரண்டுமே சொல்லவில்லை.

நியோரெஜிலியா புரோமிலியட்டில் ஒரு வகை. அதில் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கிண்ணம் என்று தனியாக ஓர் உறுப்பு அதில் கிடையாது. அகன்ற இலையடிகள் ஒன்றையொன்று இறுகத் தழுவி நிற்பதால் நடுவில் குழிவு உண்டாகிறது. மழைநீர் அதில் நிற்கிறது. இலைகளை ஒவ்வொன்றாக உரித்தால் கடைசியில் கையில் இலைகள் மட்டுமே மிஞ்சும். இலைமேல் உள்ள நுண்செதில்கள் அந்த நீரையும் அதில் ஊறிய சருகின் சத்தையும் உறிஞ்சிக்கொள்கின்றன. மரக்கிளையில் வாழும் இனங்களில் வேரின் முதல் வேலை பற்றிப் பிடித்துக்கொள்வதுதான். பிரேசில் காடுகளில் இந்த நீரில் தவளைகள் குடியிருக்கின்றன. தொட்டி என்றால் எங்கள் ஊரில் கிணற்றடியில் சீமெந்தால் கட்டி வைப்பது. இலையே கலமாகி நிற்கும் இந்த அமைப்புக்கு அது எப்படிப் பொருந்தும்?

இலையே கலமாகும் பொருள் ஒன்று எங்களிடம் இருக்கிறது. பனையோலையை மடக்கிக் கட்டினால் பிளா. அதில் ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) கூழை வார்த்துக் குடிப்போம், கள்ளும் அதில்தான். கட்டை அவிழ்த்தால் மறுபடியும் ஓலை. செடியின் நடுவில் இருப்பதும் இதுவேதான்.

இந்தச் சொல் எனக்கு மேசையில் இருந்து யோசித்து வந்ததன்று. டெங்குப் பரிசோதனைக்கு வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர், என் முற்றத்தில் வரிசையாக நின்ற செடிகளின் நடுவில் தண்ணீர் மினுங்குவதைக் கண்டு நின்றுவிட்டார். ‘தம்பி, இது என்ன, இவ்வளவு தண்ணீர்?’ என்று கேட்டார். ‘ஐயா, அது செடியின் பிளா. அதில்தான் அது குடிக்கும்’ என்றேன். குனிந்து பார்த்தார், அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. நுளம்பு (கொசு) முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரமளவு ஆகும். ஆகவே மூன்று நாளுக்கு ஒருமுறை பிளாவைக் கழுவி நீர் மாற்றுவதாகச் சொன்னேன், இன்றுவரை அப்படியே செய்கிறேன். மழைநீர் சேமித்து வைத்திருப்பவர்கள் அதையே ஊற்றுங்கள். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் வெட்டியவை. அந்த நீர் பிளாவில் வற்றினால் இலையடியில் வெள்ளைத் தடம் படிந்துவிடும்.

சொல்லின் தரம் வாக்கியத்தில் தெரியும் என்பது என் நம்பிக்கை. கலப்பினம் உண்டாக்கும் பகுதியை எழுதிப் பார்த்தேன். நியோரெஜிலியாவின் பூக்கள் தண்டேறி வருவதில்லை. பிளாவுக்குள்ளேயே, நீர்மட்டத்தை ஒட்டிப் பூக்கின்றன. ஒரு பூவுக்கு ஒரு காலைப்பொழுதுதான் ஆயுள். பக்கத்து வீட்டு அக்காவும் நானும் விடியுமுன்னரே விளக்கோடு குந்தியிருப்போம். தாய்ச்செடியின் பூவை மெல்லப் பிரித்து, மகரந்தப்பை வெடிக்குமுன் அதைக் கிள்ளியெடுப்பது அக்கா. அவருடைய கை நடுங்காது. தந்தைச் செடியின் மகரந்தத்தைத் தூரிகையில் தொட்டுச் சூல்முடியில் வைப்பது நான். அந்த இடத்தில் நீர் தளும்பினால் மகரந்தம் கெட்டுப்போகும். ஆகவே கைநூலில் இப்படி எழுதினேன்: ‘முந்தின இரவே பிளாவை வடித்துவிடுங்கள்.’ இதே இடத்தில் ‘இலைத்தொட்டியில் உள்ள நீரை அகற்றிவிடுங்கள்’ என்று வைத்துப் பாருங்கள். எது தோட்டத்தில் நிற்பவரின் பேச்சு?

(பழம் கனிய மாதக்கணக்காகும். விதையைச் சுற்றி வழுவழுப்பான பசை இருக்கும். கழுவி, காயவிடாமல் உடனே மண்மேல் தூவ வேண்டும், மூடக் கூடாது. நிறம் தெரிய இரண்டு மூன்று ஆண்டுகள். ஒரே பழத்தின் பிள்ளைகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. அந்தக் காத்திருப்புக்காகத்தான் இவ்வளவும்.)

தமிழகத்து வாசகருக்குப் பிளா புதிதாக இருக்கும் என்ற கவலை நியாயமானது. ஆனால் இதை ஒத்த சொல் பழைய இலக்கியத்திலேயே இருக்கிறது: பெரும்பாணாற்றுப்படையில் கூழை ஆற வைக்கும் கலத்துக்கு ‘மலர்வாய்ப் பிழா’ என்று பெயர். மலர்ந்த வாயுடைய பிழா! இந்தச் செடியைப் பார்த்துவிட்டு அந்தத் தொடரைப் படித்தவர் விடமாட்டார். ‘தொன்னை’யையும் நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன்; அதுவும் இலைதான், எல்லா ஊரிலும் தெரியும். ஆனால் தொன்னை என்றதும் மனத்தில் வருவது கோயிற் பிரசாதம். பிளா என்றதும் வருவது குடிக்கும் நீர்மம்.

எல்லை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குடும்பம் முழுவதுக்கும் ‘பிளாச்செடி’ என்று பெயரிடக் கூடாது. இதே குடும்பத்து டில்லான்சியாக்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிளா இல்லை. அன்னாசியும் அந்தக் குடும்பந்தான், அதற்கும் இப்படி நீர் தேக்கும் பிளா கிடையாது. நியோரெஜிலியா, குஸ்மானியா, எக்மியா போன்றவையே பிளாச்செடிகள். குடும்பத்துக்கு ‘அன்னாசிக் குடும்பம்’ போதும். புரோமிலியட் என்பது சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் புரோமீலியசின் பெயரிலிருந்து வந்தது. ஆட்பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. நடுக்குழிவு ‘நடுப்பிளா’, வெளியிலைகளின் இடுக்குகளில் நிற்பவை ‘பக்கப்பிளா’, நீர் ‘பிளாநீர்’. தாய் பூத்து ஓயும்போது பக்கத்தில் வெடித்து வரும் கன்றுக்குச் சொல் தேடவே வேண்டாம்: வாழைக்குட்டி என்கிறோமே, அந்தக் குட்டிதான் இதுவும்.

மாற்றுக்கருத்து இருப்பவர்கள் தங்கள் சொல்லை ஒரு முழு வாக்கியத்தில் வைத்து எழுதியனுப்புங்கள். அதோடு அடுத்த சொல்லுக்கும் யோசியுங்கள். பூக்கும் காலம் நெருங்கியதும் நியோரெஜிலியாவின் நடுவிலைகள் அடியிலிருந்து சிவக்கத் தொடங்குமே, அந்த மாற்றத்துக்கு இன்னும் பெயரில்லை. நேற்று மாலை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த அக்கா, ‘உன் செடி பொட்டு வைத்துவிட்டது’ என்றார்.