குரோனியன் காயல்: லிதுவேனியாவும் ரஷ்யாவும் பங்கிட்டுக்கொண்ட நீர்

லிதுவேனியாவின் நிடா என்ற கடலோர ஊருக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பால்டிக் கடற்கரையில் துண்டை விரித்துப் படுத்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஊரின் மறுபுறம் விரிந்து கிடக்கும் காயலுக்கு ஒரு ஐஸ்கிரீம் தின்னும் நேரம்தான் கிடைக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. கடலை எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இடம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லிதுவேனியாவின் கிளைப்பேடா துறைமுகத்துக்கு எதிரே தொடங்கி, ரஷ்யாவின் கலினின்கிராடு பகுதி வரை 98 கிலோமீட்டருக்கு ஒரு மணல்திட்டு நீள்கிறது. சில இடங்களில் அரை கிலோமீட்டர் அகலம்கூடக் கிடையாது. மேற்கே கடல், கிழக்கே காயல். காயலின் பரப்பு ஏறத்தாழ 1,600 சதுர கிலோமீட்டர். சராசரி ஆழமோ நான்கு மீட்டருக்கும் குறைவு. நெமுனாஸ் ஆறு வந்து கொட்டுவதால் பெரும்பாலும் நன்னீர்தான். கடலுக்குப் போகக் கிளைப்பேடாவில் ஒரே ஒரு குறுகிய வாய். வடக்கே கால் பங்கு லிதுவேனியாவுக்கு, மீதி ரஷ்யாவுக்கு.

ஆகஸ்ட் மாதம் போயிருந்தேன். துறையில் குனிந்து கையளவு நீரை அள்ளினால் பச்சைப் பொடியைக் கரைத்தது போல நுண்பாசி. ஆறு கொண்டுவரும் உரச்சத்தும், ஆழமில்லாத நீரில் ஏறும் சூடும் சேர்ந்து செய்கிற வேலை. குளிப்பதற்கு எல்லோரும் கடல் பக்கம் ஓடுவதில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய மீனவர் படகின் மாதிரியில் கட்டிய பாய்மரப் படகு ஒன்றில் ஏறிய பிறகு பச்சையெல்லாம் மறந்துவிட்டது. தட்டையான அடி. ஆழமான அடிப்பாகம் இருந்தால் இங்கே தரை தட்டும். காற்று கொஞ்சம் வலுத்ததும் குட்டையான அலைகள் இடைவெளியே இல்லாமல் வந்து மோதின. ஆழமற்ற நீரின் குணம் அது. கடல் அலைக்குப் பழகிய வயிறுக்கும் சோதனைதான்.

படகின் பாய்மர உச்சியில் செதுக்கிய மரக்கொடி ஒன்று காற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. வீடு, மரம், குதிரை என்று வேலைப்பாடு. அதன் நடுவில் கறுப்பு வெள்ளைக் கட்டம். அலங்காரம் என்று நினைத்தால் அது அரசாங்க ஆணை! 1844-இல், இந்தப் பகுதி பிரஷ்யா என்ற ஜெர்மானிய அரசிடம் இருந்தபோது, அதன் மீன்வள ஆய்வாளர் எர்ன்ஸ்ட் வில்ஹெல்ம் பெர்போம் கொண்டுவந்தது. எந்த ஊர்ப் படகு எங்கே வலை போடுகிறது என்று தூரத்திலிருந்தே பிடித்துவிட வேண்டும் அவருக்கு. மணல்திட்டு ஊர்களுக்குக் கறுப்பு வெள்ளை, கிழக்குக் கரைக்குச் சிவப்பு வெள்ளை, தெற்குக் கரைக்கு மஞ்சள் நீலம். குற்றவாளியைப் பிடிக்க வைத்த அடையாளத்தை மீனவர்கள் குளிர்கால ராத்திரிகளில் உட்கார்ந்து கலைப்பொருளாகவே செதுக்கிவிட்டார்கள். இன்று நினைவுப்பொருள் கடைகளில் அதுதான் சரக்கு.

மறுநாள் பர்னிடிஸ் மணல்குன்றில் ஏறினேன். ஐம்பது மீட்டருக்குச் சற்று மேல் உயரம். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் காட்டை வெட்டித் தள்ளியதால் மணல் நகர்ந்து ஊர் ஊராக விழுங்கியது; நிடாவே இடம்பெயர்ந்த ஊர்தான். உச்சியில் நின்று தெற்கே பார்த்தால் அதே மணல், அதே நீர், ஆனால் ரஷ்யா. வேலி எதுவும் கண்ணில் படவில்லை. தாண்டாதே என்ற பலகை மட்டும். எல்லையை எனக்கு அறிவித்தது கைப்பேசிதான்: ரஷ்யக் கோபுரத்தைப் பிடித்து, வரவேற்புச் செய்தி அனுப்பி, கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டது. கடைசிப் பஸ்ஸை நம்பியிருப்பவர்கள் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு போங்கள். ரோமிங்கையும் அணைத்து வையுங்கள்.

சாப்பாட்டுக்குப் புகையூட்டிய விலாங்கு. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று நாம் ஏசுகிற அதே விலாங்குதான். இங்கே அதற்கு ராஜ மரியாதை. கொழுப்பு அதிகம். பாதிக்கு மேல் என்னால் முடியவில்லை.

* * *

ஒரு வாசகர்: நண்பரே, நீங்கள் சொல்லும் கடிகாரத் தொல்லை குளிர்காலத்தில் வராது. லிதுவேனியா கோடையில் மட்டும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளிக்கொள்கிறது. கலினின்கிராடு ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில் நிற்கிறது. நான் போனது பிப்ரவரியில். காயல் உறைந்து, அதன்மேல் ஆட்கள் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். துளையிட்டுப் பிடிப்பது ஸ்டிண்டா என்னும் விரல் நீள மீன். ஒரு பெரியவர் என் முகத்துக்கு நேரே ஒன்றை நீட்டினார். முகர்ந்தேன். மீன் வாடையே இல்லை, அப்போதுதான் நறுக்கிய வெள்ளரிக்காய் மணம்! பொய் இல்லை, அந்த மீனின் இயல்பே அதுதான்.

முன்பெல்லாம் நீண்ட பலகையின் ஒரு முனையைத் துளைக்குள் விட்டு, மேல்முனையில் மரச்சுத்தியால் தாளம் தட்டி மீனை வரவழைப்பார்களாம். இப்போது விழாக்களில் தட்டிக் காட்டுகிறார்கள். பனிக்கட்டி தாங்குமா என்பதை உள்ளூர்க்காரர்களிடம் கேட்காமல் யாரும் கால் வைக்காதீர்கள். ஆறு சேரும் பக்கம் பனிக்கட்டியை நம்பவே முடியாது.

* * *

இன்னொரு வாசகர்: பறவை பார்ப்பவர்கள் நிடாவோடு நிற்க வேண்டாம். எதிர்க்கரையில் வெண்டே முனை இருக்கிறது. 1929-இல் விலங்கியலாளர் ததாஸ் இவனவுஸ்காஸ் தொடங்கிய, பறவைகளின் காலில் அடையாள வளையம் மாட்டும் நிலையம் அங்கே உண்டு. இலையுதிர்காலத்தில் தெற்கே போகும் சிறுபறவைகள் திறந்த நீரைக் கண்டு தயங்கி முனையில் குவிகின்றன. மரங்களைவிட உயரமான புனல் வடிவ வலைகள் அவற்றை உள்ளே வாங்கிக்கொள்கின்றன. நான் நின்றிருந்தபோது ஒரு பட்டாணிக்குருவியின் காலில் வளையம் மாட்டினார்கள். அது பணியாளரின் விரலை நன்றாகக் கடித்துவிட்டுத்தான் பறந்தது.

ரஷ்யப் பக்கம் ரிபாச்சி கிராமத்தில் இதற்கும் மூத்த நிலையம் உண்டு. ஊர் ரோசிட்டன் என்ற பெயரில் ஜெர்மனியிடம் இருந்த காலத்தில், 1901-இல், பறவையியலாளர் யோஹானஸ் தீன்மான் தொடங்கியது. அதையும் பார்க்க ஆசை. நிடாவிலிருந்து படகில் போய்வர வழி உண்டா?

* * *

பதில்: படகில் முடியாது ஐயா. சுற்றுலாப் படகுகள் எல்லைக்கு வெகு முன்பே திரும்பிவிடும். லிதுவேனியாவுக்கு எடுத்த ஷெங்கன் விசா மறுபக்கம் செல்லாது. ரஷ்ய விசா தனியாக எடுக்க வேண்டும். இப்போதைய நிலவரத்தில் எல்லைச் சாவடி திறந்திருக்கிறதா என்று விசாரிக்காமல் டிக்கெட் போடாதீர்கள்.