மஞ்சள் காமாலையே வராதவருக்குக் கல்லீரல் எப்படிக் கெடும்?

கேள்வி (ரங்கூன்):
இரத்தம் கொடுக்கச் சென்ற என் அண்ணனுக்கு ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவருக்கு வயது 41. காமாலை வந்ததில்லை, களைப்பும் இல்லை. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தால் போதும் என்கிறார் பெகுவில் இருக்கும் எங்கள் பெரியம்மா. தொந்தரவே காட்டாத வைரஸ் கல்லீரலை எப்படிக் கெடுக்கும் என்று விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (மருத்துவ ஆய்வகத்தில் பணியாற்றியவர்):
தம்பி, இந்த வைரஸ் கல்லீரல் செல்லைப் பெரும்பாலும் நேரடியாகக் கொல்வதில்லை. அது செல்லுக்குள் குடியேறிப் பெருகுகிறது; அதை அடையாளம் கண்ட நம் எதிர்ப்பு அணுக்கள்தாம், வைரஸோடு அது குடியிருக்கும் செல்லையும் சேர்த்து அழிக்கின்றன. வளர்ந்தவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் சில மாதங்களில் வைரஸ் ஒழிந்துவிடும். பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றினாலோ, எதிர்ப்பு சக்தி இன்னும் முதிராத காரணத்தால், 100 குழந்தைகளில் ஏறத்தாழ 90 பேரிடம் அது தங்கிவிடுகிறது. நம் நாட்டுக் குழந்தைகளுக்கான திட்டத்தில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 2003இல்தான் சேர்ந்தது என்பதால், அண்ணனுக்கும் சிறுவயதிலேயே தொற்றியிருக்கலாம். அப்படித் தங்கிய வைரஸ் பல ஆண்டுகள் அமைதியாக இருந்து, நடுவயதில் அழற்சி மூளுவதுண்டு. செல்கள் மடிந்த இடத்தில் தழும்புத் திசு படர்ந்து, அது திரும்பத் திரும்ப நேரும்போது கல்லீரல் இறுகிச் சிரோசிஸ் ஆகிறது. எஞ்சிய பகுதியே வேலையைச் சமாளித்துவிடுவதால் வெளியே ஒன்றும் தெரிவதில்லை. வைரஸின் மரபுப் பொருள் நம் செல்லின் மரபணுவோடு ஒட்டிக்கொள்வதால், சிரோசிஸ் இல்லாமலேயே புற்றுநோய் வருவதும் உண்டு. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

பதில் 2 (மாந்தலே):
என் தந்தையாரும் நலமாகத்தான் இருந்தார்; வயிற்றில் நீர் கோத்த பிறகே நாங்கள் மருத்துவரிடம் போனோம். கீழாநெல்லியைப் பற்றிப் பெரியம்மா சொல்வது வீண்பேச்சன்று. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் அது பலன் தந்ததாக வெளியிட்டார்கள். ஆனால் பிற இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதை நம்பி நாள் கடத்தாதீர்கள். வைரஸ் அளவு, ஏஎல்டி (கல்லீரல் செல்கள் சிதைவதைக் காட்டும் இரத்தச் சோதனை), ஸ்கேன் மூன்றையும் பார்த்த பிறகே மருந்து தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். இதற்குத் தரும் டெனோஃபோவிர் என்ற மருந்து வைரஸை அடக்கி வைக்கும், அடியோடு ஒழிக்காது. ஆகவே தாமாக நிறுத்தக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. அண்ணியும் இரண்டு பிள்ளைகளும் என்ன செய்ய வேண்டும்?

பதில் 1:
மூவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். தொற்றும் எதிர்ப்பு சக்தியும் இல்லாதவர்கள் தடுப்பூசித் தவணைகளை முழுமையாகப் போட்டுக்கொள்ளட்டும். சவரக் கத்தியும் பல் துலக்கியும் அண்ணனுக்குத் தனியாக இருக்க வேண்டும். ஒரே பானையில் சமைத்து, பக்கத்தில் அமர்ந்து உண்பதால் இது பரவாது. அவருக்கென்று தனித் தட்டு ஒதுக்கி மனத்தை நோகச் செய்யாதீர்கள்.