புதுப்பிப்பு: சீறிக்கொண்டிருந்த கோஃபர் பாம்பு கடைசியில் கடித்ததா?

நான்கு மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன்: நான் வளர்க்கும் கோஃபர் பாம்புக் குட்டி (வட அமெரிக்கப் பாம்பு வகை), பெட்டியைத் திறந்தாலே சீறுகிறது, வாலை அடித்துக்கொள்கிறது, கடிக்குமா? ஆமாம், கடித்துவிட்டது. ஆனால் சீறிய நாளில் இல்லை.

சீறும்போது பாய்ந்ததெல்லாம் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு மூக்கால் இடித்ததுதான். கோஃபர் பாம்பு, அதன் நெருங்கிய உறவான பைன் பாம்பு இரண்டுக்கும் மூச்சுக்குழல் வாயில் மெல்லிய தகடு போல ஒரு சவ்வு உண்டு. காற்றில் அது அதிர்வதால்தான் டயரிலிருந்து காற்று பீறிடுகிற மாதிரி அவ்வளவு சத்தம். பாதி நாடகம்.

கடித்தது தீனி நாளில். எலியை எடுத்த கையைக் கழுவாமல் தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கப் போனேன் (தப்பு முழுக்க என்னுடையது). எச்சரிக்கையே இல்லை. கட்டைவிரலைக் கவ்வி, மணிக்கட்டை ஒரு சுற்றும் சுற்றிவிட்டது. பற்கள் உள்நோக்கி வளைந்தவை, இழுத்தால் தோல் கிழியும், பல்லும் ஒடியும். அதனால் அசையாமல் நின்றேன். அரை நிமிடத்தில் தானே விட்டது. விஷமில்லாத பாம்பு. சோப்பு போட்டுக் கழுவியதும் வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள், அவ்வளவுதான்.

இப்போது முதலில் கொக்கிக் கம்பியால் உடம்பை மெல்லத் தொடுகிறேன், இது சாப்பாடு இல்லை என்று அதற்குப் புரிந்துவிடுகிறது. தலைக்கு மேலிருந்து கை நீட்டுவதில்லை. தின்ற பின் இரண்டு நாளும், சட்டை உரிக்கும் முன் கண் மங்கியிருக்கும் நாட்களிலும் தொடுவதே இல்லை.

நேற்று அரை மனதாக ஒரு சீறல், அப்புறம் நேராக என் முழுக்கைச் சட்டைக்குள் நுழைந்துவிட்டது. வெளியே எடுக்கத்தான் கால் மணி நேரம் ஆனது.