கிராபிக்ஸ் கார்டு சேர்க்கும் முன் எந்த எஸ்எம்பிஎஸ் வாங்குவது?

கருங்கல் ஸ்டுடியோ எழுதியது:

வணக்கம். கருங்கல்லில் திருமண ஆல்பம் வடிவமைப்பும் வீடியோ எடிட்டிங்கும் செய்துவருகிறேன். என் கணினியில் இன்டெல் ஐ5-12400, பி660 மதர்போர்டு, 16 ஜிபி ராம், ஓர் எஸ்எஸ்டி, இரண்டு ஹார்டு டிஸ்க் ஆகியவை உள்ளன. கேபினட்டோடு சேர்ந்து வந்த '450 வாட்' எஸ்எம்பிஎஸ்தான் (கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) இன்றுவரை ஓடுகிறது. ஆவணி முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நாகர்கோவிலில் ஒரு கடையில் 450 வாட் தாராளம் என்றார்கள். மார்த்தாண்டத்தில் இன்னொருவர் 750 வாட் கோல்டு இல்லாமல் கார்டைத் தொடவே கூடாது என்கிறார். யார் சொல்வது சரி?

வேறு இரண்டு ஐயங்களும் உண்டு. நான்காம் தலைமுறை ஐ5 கொண்ட டெல் ஆப்டிபிளெக்ஸ் 7020 ஒன்று கழிவு விலையில் கிடைத்தது. புதிய எஸ்எம்பிஎஸ் வாங்கினால் பழையதை அதற்கு மாட்ட முடியுமா? அடுத்து, கேபினட்டின் இரும்புப் பகுதியில் புறங்கை பட்டால் சுருசுருவென்று இருக்கிறது. இதுவும் எஸ்எம்பிஎஸ் கோளாறுதானா?

தக்கலை சர்வீஸ் எழுதியது:

வணக்கம் தம்பி. அட்டைப் பெட்டியில் பெரிதாக அச்சிட்ட வாட் எண்ணை மறந்துவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். அதில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். இன்றைய கணினியில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுவதுமாக 12 வோல்ட் லைனிலிருந்தே மின்சாரம் எடுப்பதால், அந்தக் கட்டத்தில் உள்ள ஆம்பியரை 12-ஆல் பெருக்கினால் வருவதுதான் உங்களுக்கு உண்மையில் பயன்படும் வாட். 12 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால் கையில் இருப்பது 192 வாட் மட்டுமே, மேலே 450 என்று எழுதியிருந்தாலும்.

இப்போது உங்கள் தேவையைக் கூட்டிப் பார்ப்போம். ஐ5-12400 முழு வேகத்தில் 117 வாட் வரை போகும். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 170 வாட். மதர்போர்டு, ராம், டிஸ்க்குகள், மின்விசிறிகள் எல்லாவற்றுக்கும் 60 வாட் வைத்துக்கொண்டால் மொத்தம் 350 வாட்டை ஒட்டி வருகிறது. கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகக் கார்டு இதைவிட மேலே தாவி இறங்கும் என்பதால் இடைவெளி வேண்டும். கார்டின் சிப்பை வடிவமைத்த என்விடியாவும் இந்தக் கார்டுக்கு 550 வாட் என்றே பரிந்துரைக்கிறது. ஆகவே 12 வோல்ட் லைனில் 40 ஆம்பியருக்குக் குறையாத நல்ல 550 வாட் போதும். பின்னாளில் பெரிய கார்டு வாங்கும் எண்ணம் இருந்தால் 650. அதற்காக 750 வாட் வாங்குவதில் தீங்கு ஒன்றுமில்லை, பணம்தான் கூடுதல்.

'80 பிளஸ்' முத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸ் (வெண்கலம்), கோல்டு (தங்கம்) என்ற தரநிலைகள் எவ்வளவு மின்சாரம் வெப்பமாக வீணாகிறது என்பதைக் குறிப்பவை. மின்னழுத்தம் எவ்வளவு சீராக வருகிறது, பாதுகாப்புச் சுற்றுகள் வேலை செய்கின்றனவா என்பதற்கு அவை சான்று அல்ல. இருந்தாலும் உண்மையான பிரான்ஸ் முத்திரையும் ஐந்து ஆண்டு வாரண்டியும் சேர்ந்து வரும் பொருளில் பெரும்பாலும் உள்ளே கெபாசிட்டர் முதல் ஃபில்டர் வரை குறைக்காமல் வைத்திருப்பார்கள். கோர்சேர் சிஎக்ஸ்550, டீப்கூல் பிகே550டி, கூலர் மாஸ்டர் எம்டபிள்யூஇ 550 பிரான்ஸ் வி2 என்று இந்த வரிசையில் பல உண்டு. கடையில் இருப்பதன் லேபிளைப் பார்த்து, பில்லில் மாடல் எண்ணை எழுதி வாங்குங்கள்.

குழித்துறை வாசகர் எழுதியது:

ஆப்டிபிளெக்ஸ் பற்றி மட்டும் சொல்கிறேன். பழைய எஸ்எம்பிஎஸ்ஸை அதில் நேரடியாக மாட்ட முடியாது. வழக்கமான மதர்போர்டுக்கு 24 பின் கனெக்டர். அந்த டெல் மாடலில் இருப்பதோ 8 பின். டிஸ்க்குகளுக்கான மின்சாரம்கூட அதில் மதர்போர்டிலிருந்தே போகிறது. மாற்று ஒயர்கள் இணையத்தில் கிடைக்கின்றன; ஆனால் அந்த மாடலுக்கென்றே செய்தது அல்லாத ஒயரை மாட்டினால் போர்டு போய்விடும். ஒரிஜினல் எஸ்எம்பிஎஸ் நன்றாக ஓடுகிறது என்றால் அதை அப்படியே விட்டுவிடுவதே நல்லது.

ஒயர் பேச்சு வந்ததால் இன்னொன்று. புதிய கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே வரும் 6+2 பின் ஒயர் (சேர்த்தால் 8 பின்) இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டிஸ்க்குகளுக்குப் போகும் சாட்டா ஒயரிலிருந்து மாற்றித் தரும் சிறிய இணைப்பைக் கடையில் கொடுப்பார்கள்; அதை வாங்காதீர்கள். ஒரு சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் பின்கள் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட் மட்டுமே தாங்கும். 8 பின் கனெக்டர் வழியாகக் கார்டு 150 வாட் வரை கேட்கலாம். உருகி ஒட்டிக்கொண்ட கனெக்டர்களைப் பார்த்திருக்கிறேன். அதே போல, கழற்றி மாட்டும் ஒயர் உள்ள மாடுலர் வகை வாங்கினால் வேறு கம்பெனியின் ஒயரை அதில் செருகவே செருகாதீர்கள். செருகும் இடம் பொருந்தினாலும் உள்ளே பின்களின் வரிசை மாறியிருக்கும்.

குளச்சல் கரை எழுதியது:

அந்தச் சுருசுருப்பை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எஸ்எம்பிஎஸ் நுழைவாயிலில் உள்ள ஃபில்டர் கெபாசிட்டர்கள் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோக உடலுக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினட் ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதந்துகொண்டிருக்கும். எனவே இது பெரும்பாலும் வீட்டு ஒயரிங் குறை. எவ்வளவு விலையுள்ள எஸ்எம்பிஎஸ் வாங்கினாலும் தீராது. மூன்று பின் சாக்கெட் இருப்பதாலேயே எர்த் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. உரிமம் பெற்ற ஒயர்மேனை அழைத்து, பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டரிலும் டெஸ்ட் லேம்பிலும் சோதிக்கச் சொல்லுங்கள். செம்மண் மேட்டில் உள்ள வீடுகளில் கோடையில் எர்த் குழி வறண்டுவிடும். தண்ணீர் ஊற்றிப் பராமரிக்க வேண்டும்.

கடலிலிருந்து நீங்கள் தொலைவில் இல்லை. உப்புக் காற்றும் மழைக்கால ஈரமும் சேர்ந்து சர்க்யூட் போர்டில் படியும் தூசியை மின்கசிவுப் பாதையாக மாற்றிவிடும். ஃபில்டர் வலை உள்ள கேபினட்டில் வைத்து, வலையை மட்டும் கழுவி உலர்த்துங்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்க வேண்டாம். ஒயரைப் பிடுங்கிய பின்னும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது பிளக்கை மட்டுமல்ல, மோடத்திலிருந்து வரும் லேன் ஒயரையும் கழற்றிவிடுங்கள்.

கருங்கல் ஸ்டுடியோ எழுதியது:

மூவருக்கும் நன்றி. லேபிளைப் பார்த்தேன்: 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர், அதாவது 168 வாட். கார்டு ஒன்றுக்கே இது போதாது. ஒயர்மேன் வந்து பார்த்ததில், சாக்கெட்டுக்குப் பின்னால் பச்சை ஒயர் எதனுடனும் சேராமல் மடக்கி வைக்கப்பட்டிருந்தது. இணைத்த பின் சுருசுருப்பு நின்றுவிட்டது. 550 வாட் பிரான்ஸ் வாங்க முடிவு செய்துள்ளேன். என்னிடம் உள்ள 600 விஏ யுபிஎஸ் இதற்குத் தாங்குமா?

தக்கலை சர்வீஸ் எழுதியது:

தாங்காது தம்பி. 600 விஏ என்பது பெரும்பாலான மாடல்களில் 360 வாட். ரெண்டரிங் (எடிட் செய்த வீடியோவை இறுதிக் கோப்பாக்கும் வேலை) ஓடும்போது கணினி சுவரிலிருந்து 400 வாட்டுக்கு மேல் இழுக்கும், அதற்கு மேல் மானிட்டரும் இருக்கிறது. குறைந்தது 600 வாட் தரும் 1000 விஏ பாருங்கள்; முடிந்தால் சைன் வேவ் (சீரான அலை) வகை. புதிய எஸ்எம்பிஎஸ்களில் உள்ள ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரம் இழுப்பதைச் சீராக்கும் சுற்று), சதுர அலை தரும் சில யுபிஎஸ்களோடு ஒத்துப்போகாமல் கரண்ட் போன நொடியே கணினியை அணைத்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் இணைப்பதானால் பின்பக்கச் சுவிட்சை யுபிஎஸ் நிலையில் வையுங்கள். கார்டை மாட்டியதும், புதிய ஆல்பத்தைத் தொடங்கும் முன் ஒரு நீண்ட வீடியோவை ரெண்டர் போட்டுவிட்டு, நடுவில் மெயின் சுவிட்சை அணைத்து, கணினி நிற்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள்.